பேய்க்கதையில ட்ரெயின் டைம் எதுக்கு?

வணக்கம் அக்கா,

நான் பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் செகண்ட் இயர். பேர் போடாதீங்க ப்ளீஸ், கிளாஸ்ல நாலஞ்சு பேர் உங்க சைட் படிக்கிறாங்க. பன்னண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இந்த செமஸ்டர்ல எங்களுக்கு பிராம் ஸ்டோக்கர் எழுதின டிராகுலா நாவல் இருக்கு. கைடு வாங்கிக்கலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க, எனக்கு ஒரு வீம்பு, ஒரு முழு இங்கிலீஷ் நாவலாவது நானா படிச்சிடணும்னு ஃபோன்ல பிடிஎஃப் போட்டு 19 நாள்ல முடிச்சேன். இதான் என் முதல் நாவல்.

முதல் நாலு சாப்டர், அந்த கோட்டை பார்ட், செம. சுவத்துல தலைகீழா பல்லி மாதிரி எறங்குற சீன் படிச்சப்ப ராத்திரி ஒரு மணி, ஹாஸ்டல் காரிடார்ல பாத்ரூம் போக ரூம்மேட்ட எழுப்பினேன் அக்கா, அவன் இன்னும் கிண்டல் பண்றான். ஆனா அதுக்கப்புறம் திடீர்னு ரெண்டு பொண்ணுங்க லெட்டர் எழுதிக்கிறாங்க, யார கல்யாணம் பண்றதுன்னு. டிராகுலா ஆளையே காணோம். விட்பிங்கிற இங்கிலாந்து கடலோர ஊர்ல ஒரு தாத்தா பேசறது ஒரு வரி கூட புரியல, டிக்‌ஷனரியிலயும் அந்த வார்த்தை இல்ல. நடுவுல ரொம்ப போர் அடிச்சுது, சில பக்கம் தள்ளிவிட்டேன், உண்மைய சொல்றேன். எங்க சாரும் "முதல் நாலு சாப்டர்தான்பா நாவல், மிச்சம் இழுவை"ன்னு சொல்லிட்டார்.

என் கேள்வி: 1) போர் அடிச்சது என் இங்கிலீஷ் வீக்கா இருக்கறதாலயா? 2) வெயில் பட்டா செத்துடுவான்னு எல்லா படத்துலயும் காட்றாங்க, இதுல லண்டன் ரோட்ல பகல்லயே நிக்கிறான், ரைட்டர் மறந்துட்டாரா? 3) எதுக்கு எல்லாரும் டைரி எழுதிக்கிட்டே இருக்காங்க? என் ரூம்மேட் முதல் பக்கத்த பாத்துட்டு "பேய்க்கதையில ட்ரெயின் டைம் எதுக்குடா"ன்னு கேட்டான், எனக்கு பதில் தெரியல.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

*

தம்பி, வணக்கம். அக்கான்னு கூப்பிட்டதால தம்பின்னே வச்சுக்கறேன்.

முதல்ல மன்னிச்சிடுங்க, உங்க மெயில் ஸ்பேம்ல கிடந்துச்சு, மூணு வாரம் கழிச்சு வேற எதையோ தேடப் போய் கண்ணுல பட்டுது. எக்ஸாம் முடிஞ்சே போயிருக்கலாம். இருந்தாலும் உங்க ரூம்மேட் கேட்ட கேள்விக்காகவே எழுதியாகணும், ஏன்னா அந்த நாவலுக்கு அதவிட நல்ல கேள்வி ஒண்ணு கிடையாது, அந்த பையனுக்கு என் சார்பா ஒரு டீ வாங்கிக் குடுங்க.

முதல் பக்கம் ஞாபகம் இருக்குல்ல. டிராகுலா கோட்டைக்கு வேலையா போற இங்கிலீஷ் வக்கீல் ஹார்க்கர், மே 1ம் தேதி ராத்திரி 8:35க்கு ம்யூனிக்ல ட்ரெயின் ஏறினேன், மறுநாள் காலைல 6:46க்கு வியன்னா போயிருக்கணும், ஒரு மணி நேரம் லேட்டுன்னு எழுதறான். அடுத்து பாப்ரிகா போட்ட கோழிக்கறி சாப்பிட்டேன், தண்ணி தவிச்சுது, கட்டிக்கப் போற மினாவுக்காக ரெசிபி வாங்கணும்னு ஒரு குறிப்பு. ரத்தம் குடிக்கிறவன் வீட்டுக்கு போறவன் எழுதற டைரியா இது, ஆபீஸ் டூர் போன கிளார்க் டிஏ பில்லுக்கு எழுதி வைக்கிற மாதிரி இருக்கு. அப்படித்தான் இருக்கணும்னு ஸ்டோக்கர் நினைச்சிருக்கார். அவரே டப்ளின்ல அரசாங்க குமாஸ்தா வேலை பாத்தவர், அயர்லாந்துல சின்ன கேஸ் விசாரிக்கிற பெட்டி செஷன்ஸ் கோர்ட் கிளார்க்குங்க என்னென்ன செய்யணும்னு 1879ல ஒரு கையேடே போட்டிருக்கார், குமாஸ்தா வேலைய விட்டுட்டு லண்டன்ல லைசியம் தியேட்டர் மேனேஜரா 27 வருஷம் ஓட்டினார், அங்கயும் கணக்கு வழக்கு, கடிதம், டூர் ஏற்பாடுதான். காகிதத்தோடயே வாழ்ந்த மனுஷன். அந்த கோட்டை இருக்கற ட்ரான்சில்வேனியா பக்கம் அவர் போனதே கிடையாது, எல்லாம் லைப்ரரில உக்காந்து எடுத்தது. டிராகுலாங்கிற பேரே 1890ல விட்பிக்கு லீவுக்கு போனப்ப அந்த ஊர் லைப்ரரில ஒரு பழைய புஸ்தகத்துல கிடைச்சதுதான்.

அந்த கோட்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு இப்ப திரும்ப பாருங்க. ஹார்க்கர் ஒரு நாள் ரூமுக்குள்ள வர்றான், பிரபு, அதான் டிராகுலா, சோஃபால படுத்துக்கிட்டு ஒரு புக் படிச்சிட்டிருக்கார், என்ன புக்? இங்கிலாந்து ட்ரெயின் டைம் டேபிள்! உங்க ரூம்மேட்டுக்கு இத மட்டும் காட்டுங்க போதும்.

இன்னொண்ணு, இது உங்களுக்காக. அவரும் உங்கள மாதிரிதான், இங்கிலீஷ் புக்லருந்து கத்துக்கிட்டவர். எனக்கு உங்க பாஷை புஸ்தகம் வழியாத்தான் தெரியும்னு சொல்லி, தப்பா பேசினா சின்ன தப்பா இருந்தாலும் திருத்துங்கன்னு ஹார்க்கர்கிட்ட கேக்கறார். இங்க நான் பிரபு, எல்லாருக்கும் என்னை தெரியும், லண்டன்ல என் பேச்ச கேட்டு வெளியாள்னு எவனும் திரும்பி பாக்கக்கூடாதுன்னு நினைக்கிறார். பல நூறு வருஷம் வாழ்ந்தவர், ஓநாய்ங்கள கையசைச்சு நிறுத்தறவர், அவருக்கே ஆக்சென்ட் பத்தி கவலை. தமிழ் மீடியம்னு நீங்க ஒரு வரில கூச்சப்பட்டு எழுதியிருந்தீங்க, அதனால சொன்னேன்.

சரி, மூணாவது கேள்விக்கு வரேன், ஏன் எல்லாரும் எழுதிக்கிட்டே இருக்காங்க. நாலாவது சாப்டர்ல ஒரு சீன் இருக்கு, நீங்க சொன்ன பல்லி சீனவிட எனக்கு அதுதான் பெருசு. ஹார்க்கர் உள்ள மாட்டிக்கிட்டான், வெளிய முற்றத்துல நாடோடி ஆளுங்க வந்து தங்கறாங்க, அவங்கள விட்டு ரெண்டு லெட்டர் போடப் பாக்கறான். ஒண்ணு முதலாளிக்கு, சாதாரண இங்கிலீஷ்ல. இன்னொண்ணு மினாவுக்கு, தன் நிலைமைய ஷார்ட்ஹேண்ட்ல எழுதினது. ராத்திரி பிரபு வந்து பக்கத்துல உக்காந்து ரெண்டையும் நீட்டறார். முதலாளிக்கு எழுதினத திருப்பி சீல் வச்சு அனுப்பச் சொல்றார், அதுல அவருக்கு ஒண்ணுமில்ல. ரெண்டாவத பாத்ததும் முகம் மாறுது. அந்த கோடு, வளைவு, புள்ளி, அவரால படிக்க முடியல. இது நட்புக்கும் விருந்தோம்பலுக்கும் செஞ்ச அவமானம், கையெழுத்தும் இல்ல, அதனால நமக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு விளக்கு நெருப்புல அமைதியா காட்டி எரிச்சிடறார்.

நான் ஸ்கூல் முடிச்ச லீவுல எங்க தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல லோயர் பாஸ் பண்ணி, கூட ஷார்ட்ஹேண்டும் ஆறு மாசம் கத்துக்கிட்டு பாதில விட்டவ. எங்க அம்மா என் நோட்ட புரட்டி பாத்துட்டு "இதென்ன கோழி கிண்டின மாதிரி"ன்னு மூடி வச்சதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, வீட்டுல முதல் தடவையா யாரும் படிக்க முடியாத ஒரு நோட்டு. அதனால அந்த சீன் படிச்சப்ப எனக்கு டக்குனு புரிஞ்சுது, அந்த கோட்டை முழுக்க அந்தாளோடது, கதவு, சாவி, ஓநாய், வண்டி எல்லாம் அவரோடது, ஹார்க்கர்கிட்ட இருக்கறது அந்த கோழிக்கிறுக்கல் மட்டும். அவன் டைரியும் அதே ஷார்ட்ஹேண்ட்தான். அது பிழைச்சதாலதான் நாவலே இருக்கு.

இப்ப உங்க "போர்" பகுதிக்கு வருவோம். உங்க சார் சொன்னதுல பாதி நியாயம் இருக்கு, கோட்டை மாதிரி இன்னொரு நாலு சாப்டர் அந்த புக்குல இல்ல. ஆனா மிச்சம் இழுவைன்னு நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க டிராகுலாவ தேடிட்டு படிச்சிருக்கீங்க, அதான் போர் அடிச்சிருக்கு. அங்க தேட வேண்டியது தேதிய. ஒவ்வொரு துண்டுக்கும் மேல தேதி, யார் எழுதினது, யாருக்குன்னு சின்னதா போட்டிருக்கும், பிடிஎஃப்ல கண்ணு அத தாண்டி ஓடிடும். செப்டம்பர் 17ம் தேதிய மட்டும் எடுத்துக்கங்க.

டிராகுலா ரத்தம் குடிச்சு, மினாவோட தோழி லூசி சாகப் போற நிலைமைல இருக்கா. அவளுக்கு வைத்தியம் பாக்கற வான் ஹெல்சிங் ஆன்ட்வெர்ப்லருந்து தன் பழைய மாணவர் டாக்டர் சீவர்டுக்கு தந்தி அடிக்கிறார், இன்னிக்கு ராத்திரி அவ வீட்டுல இரு, தவற விடாதேன்னு. அந்த தந்திக்கு மேல ஒரு அடைப்புக்குறி: கவுண்டி பேர் போடாததால சசெக்ஸ்ல இருக்கற கார்ஃபாக்ஸுக்கு போயிடுச்சு, 22 மணி நேரம் லேட். அவ்வளவுதான். இடத்து பேர் சரி, மாவட்டம் போடல, நம்ம ஊர்ல மேலத்தெரு கீழத்தெரு குழப்பத்துல மணியார்டர் சுத்தி வந்த கதை மாதிரி. அந்த ஒரு ராத்திரி லூசி வீட்டுல காவலுக்கு ஆள் இல்ல. ஓநாய் ஜன்னல உடைக்குது, பயத்துல அவ அம்மா, டிராகுலா அண்டாம இருக்க அவ கழுத்துல போட்டிருந்த பூண்டுப்பூ மாலைய இழுத்து பிச்சுக்கிட்டே செத்துப் போறாங்க. வேலைக்காரப் பொண்ணுங்க மயக்க மருந்து கலந்த ஒயின குடிச்சுட்டு கீழ விழுந்து கிடக்குதுங்க. டிராகுலா ஒரு வரி பேசல, முகம் கூட காட்டல. தபால் ஆபீஸ்தான் கொன்னுச்சு.

அதே தேதில இன்னொரு லெட்டர். மினா லூசிக்கு எழுதறா, எக்ஸிடர்ல புது வீட்டுக்கு வந்துட்டோம், உன் கல்யாணம் எப்போன்னு சிரிச்ச முகமா. அதுக்கும் மேல ஒரு அடைப்புக்குறி, "அவளால் பிரிக்கப்படாதது". மறுநாள் தேதில இன்னொரு லெட்டர், அதுலயும் அதே வரி. தம்பி, எனக்கு அந்த நாவல்ல முதுகு சில்லிட்டது கோரைப்பல்ல பாத்து இல்ல, இந்த வரிய பாத்துத்தான். நீங்க தள்ளிவிட்ட பக்கத்துல இது இருந்துச்சான்னு தெரியல, இருந்துச்சுன்னா போய் பாருங்க.

விட்பி தாத்தா பத்தி ஒரு வார்த்தை. அது உங்க இங்கிலீஷ் வீக் இல்ல, யார்க்‌ஷயர் வட்டார பேச்சு, லண்டன்ல பொறந்து வளந்தவங்களும் அங்க தடுக்கித்தான் விழுவாங்க. ஸ்டோக்கர் அந்த ஊர் வட்டாரச் சொல்ல லிஸ்ட் போட்டு குறிச்சு வச்சிருந்தார், அந்த குறிப்பெல்லாம் இப்ப ஃபிலடெல்ஃபியால ரோசன்பாக் மியூசியத்துல இருக்கு. லிஸ்ட் போட்டுட்டோம்கிறதுக்காக எல்லாத்தையும் அந்த தாத்தா வாயில திணிச்சுட்டாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனா தாத்தா சொல்ற விஷயம் என்னன்னு பாத்தீங்கன்னா, இந்த கல்லறைக் கல்லெல்லாம் பொய், "இங்கே உறங்குகிறார்"னு வெட்டி வச்சிருக்கு, பாதி குழிக்குள்ள ஆளே இல்ல, எல்லாம் கடல்ல போனவங்கன்னு. எழுதி வச்சா உண்மையாயிடுமான்னு கேக்கறார் கிழவர். கொஞ்ச நாள் கழிச்சு லண்டன்ல லூசியோட சவப்பெட்டிய திறக்கறாங்க, உள்ள என்ன இருந்துச்சு? காலி.

இதுக்கப்புறம்தான் என் ஆளு வர்றா, மினா. பாதி பேர் இவள டிராகுலா கடிக்கிற பொண்ணுன்னு மட்டும் ஞாபகம் வச்சிருப்பாங்க. டாக்டர் சீவர்ட் டைரிய ஃபோனோகிராஃப்ல பேசி பதிவு பண்றவர், மெழுகு உருளைல. மாசக்கணக்கா பேசி வச்சிருக்கார், அதுல குறிப்பிட்ட ஒரு இடம் வேணும்னா எப்படி தேடறதுன்னு மினா முன்னாடி நிக்கிற வரைக்கும் அவருக்கு தோணவே இல்லையாம். நம்ம வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் கதைதான், முக்கியமான விஷயம் எந்த நாலு நிமிஷ நோட்டுல இருக்குன்னு தேடி சாகணும். மினா உக்காந்து எல்லாத்தையும் கேட்டு டைப் அடிக்கிறா, புருஷன் டைரி, அவ டைரி, பேப்பர் கட்டிங், தந்தி, எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கறா. அடிக்கும்போதே மூணு காப்பி. அது வரைக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கைல வச்சுக்கிட்டு முழிச்சிட்டிருந்தாங்க, அடுக்கி முடிச்சதும்தான், சீவர்டோட மனநல ஆஸ்பத்திரில பூச்சி தின்னுட்டிருந்த ரென்ஃபீல்ட் ஏன் குறிப்பிட்ட நாள்ல மட்டும் வெறி ஏறி ஆடினான், டிராகுலா ஏறின கப்பல் எப்ப வந்துச்சு, பக்கத்து வீட்ட வாங்கினது யாரு, எல்லாம் ஒரே கோட்டுல வருது.

இவ்வளவு செஞ்சவள அந்த ஆம்பளைங்க என்ன பண்றாங்க? இனிமே உனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டோம்மா, உன் நல்லதுக்குத்தான், போய் தூங்குன்னு அனுப்பறாங்க. அன்னிக்கே ராத்திரி ஹார்க்கர் விடிகாலை அஞ்சு மணிக்கு திரும்பி வந்து எழுதறான், மினா அசந்து தூங்கறா, மூச்சு காதை வச்சு கேட்டாத்தான் தெரியுது, வழக்கத்தைவிட வெளிறி இருக்கா, நல்ல வேளை இவள இதுலருந்து ஒதுக்கிட்டோம்னு. மினாவும் தன் டைரில ராத்திரி ஏதோ பனிமூட்டம் ரூமுக்குள்ள வந்த மாதிரி கனவுன்னு எழுதிட்டு, இவங்ககிட்ட சொன்னா பயந்துடுவாங்கன்னு மறைக்கிறா. நமக்கு ரெண்டு டைரியும் தெரியும். ஒரே கட்டில்ல படுத்திருக்கறவங்களுக்கு தெரியாது. படிக்கிறவன் ஃபோன தூக்கி எறியணும் போல இருக்கும், டேய் அவ நோட்ட எடுத்து படிங்கடான்னு.

டிராகுலாவுக்கு மட்டும் இது முன்னாடியே புரிஞ்சிருக்கு. மினாவ தாக்கின அதே ராத்திரி, கிடைச்ச சில நொடில அவர் ஓடிப் போய் செஞ்ச காரியம் என்ன தெரியுமா, சீவர்ட் ரூமுக்குள்ள புகுந்து கையெழுத்து பிரதி மொத்தத்தையும் அடுப்புல போட்டார், ஃபோனோகிராஃப் உருளையும் சேத்து, அந்த மெழுகுல தீ இன்னும் நல்லா பிடிச்சுது. கோட்டைல ஒரு லெட்டர எரிச்சாரே, அதே கை. இந்த தடவை சீவர்ட் பதறிப் போய் சொல்ற வரி, கடவுளே, நல்ல வேளை இன்னொரு காப்பி பெட்டகத்துல இருக்கு. மத்தவங்க சிலுவைய, பூண்ட, கத்திய பத்தி பேசட்டும், எனக்கு அந்த நாவல்ல டிராகுலா தோத்த இடம் இந்த வரிதான். எங்க இன்ஸ்டிடியூட்ல கார்பன் பேப்பர தலைகீழா வச்சு முழு பக்கமும் பின்னாடி கண்ணாடி எழுத்தா அடிச்சு மாஸ்டர்கிட்ட திட்டு வாங்கினவ நான், அதனால அந்த மூணாவது காப்பி மேல எனக்கு தனி மரியாதை.

கடைசில ஊருக்கு தப்பி ஓடற டிராகுலாவ துரத்தறதும் டைம் டேபிள்ல. நான் ஒரு ட்ரெயின் பைத்தியம், எக்ஸிடர்ல வீட்டுக்கு நான்தான் டைம் டேபிள் போட்டுக் குடுப்பேன்னு மினா சொல்றா. அக்டோபர் 12 காலைல லண்டன் சேரிங் கிராஸ்ல கிளம்பி, பாரிஸ்ல ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் பிடிச்சு, 15ம் தேதி சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல கருங்கடல் துறைமுகம் வார்னா. பிரபு அவங்களுக்கு டிமிக்கி குடுத்துட்டு கப்பல்ல கலாட்ஸ்ங்கிற வேற துறைமுகத்துக்கு போயிடறார், அது வேற விஷயம்.

பகல் வெயில் கேள்வி. ரைட்டர் மறக்கல. நாவல்படி பகல்ல அவருக்கு சக்தி குறையும், நினைச்ச நேரத்துல உருவம் மாத்த முடியாது, நடமாட தடையில்ல, பிக்காடிலில நின்னு ஒரு பொண்ண முறைச்சு பாக்கறத ஹார்க்கர் பாக்கறான்ல. வெயில்ல சாகறது 1922ல ஜெர்மனில எடுத்த நாஸ்ஃபெராட்டு படத்துலருந்து வந்தது. நாவலுக்கு உரிமை வாங்காம பேர மாத்தி எடுத்துட்டாங்க, ஸ்டோக்கர் 1912லயே போயிட்டார், அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் விடாம கேஸ் நடத்தி, 1925ல கோர்ட் எல்லா பிரிண்டையும் அழிக்கச் சொல்லிடுச்சு. அழிச்சாங்க. எங்கயோ சில பிரிண்ட் தப்பிச்சுது, அதனாலதான் இன்னிக்கும் நாம அத பாக்கறோம். இதுல நான் யார் பக்கம்னு எனக்கே சொல்லத் தெரியல. மனசு அந்த அம்மா பக்கம், கண்ணு பிரிண்ட் பக்கம்.

குறை இல்லாம இல்ல. வான் ஹெல்சிங் வாயத் திறந்தா ஒரு பக்கம், அந்த உடைஞ்ச இங்கிலீஷ் பிரசங்கத்த நானும் ரெண்டாம் தடவை தாண்டித்தான் போனேன். பன்னண்டு நாளைக்குள்ள நாலு ஆம்பளைங்க ரத்தத்த லூசிக்கு ஏத்தறாங்க, குரூப் பாக்காம. நாவல் வந்தது 1897, லேண்ட்ஸ்டெய்னர் ரத்த குரூப்ப கண்டுபிடிச்சு சொல்லவே அதுக்கப்புறம் மூணு நாலு வருஷம் ஆச்சு, அதனால ஸ்டோக்கர திட்ட முடியாது, ஆனா நர்சிங் படிக்கிற என் அக்கா பொண்ணு இத கேட்டுட்டு "அப்ப அந்தாள் கடிச்சு சாகல சித்தி"ன்னா. முடிவும் சட்டுனு முடிஞ்சிடுது, இவ்வளவு பில்டப்புக்கு. நெஞ்சுல மரக்கட்டைன்னு எதிர்பாத்திருப்பீங்க, டிராகுலா கழுத்துல ஹார்க்கர் இறக்கறது நம்ம கூர்க்கா குக்ரி, நெஞ்சுல குவின்சி மோரிஸ்ங்கிற அமெரிக்கக்காரன் இறக்கறது அவன் ஊர் கத்தி.

ரெண்டாம் தடவை படிச்சா, ஃபோன்ல படிக்கிறதுன்னாலும் பரவாயில்ல, ஒரு கோடு போட்ட நோட்டுல இடது பக்கம் தேதி, வலது பக்கம் அன்னிக்கு யாருக்கு என்ன தெரியும்னு மட்டும் எழுதிக்கிட்டே போங்க. செப்டம்பர் தாண்டினதும் நோட்ட மூட மாட்டீங்க. அப்புறம் தள்ளிவிட்ட பக்கத்த படிச்சாச்சான்னு எனக்கு ஒரு வரி போடுங்க, மார்க்கும் சொல்லுங்க. சப்ஜெக்ட் லைன்ல ஏதாவது எழுதி அனுப்புங்க தம்பி, காலியா விட்டுட்டீங்க, அதான் ஸ்பேமுக்கு போயிருக்கு.